கொல்லர் கேட்ட கேள்விகள்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் மடியில் காகிதத்தில் சுற்றிய புதுக் கத்தி. வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட உங்க வீட்டுல இம்புட்டுக் கேள்வி கேக்கல," என்றாள் மனைவி.

"கொல்லரைச் சொல்றியா?"

"ஆமா. குனிஞ்சு வெட்டுவியா, நிமிந்து வெட்டுவியா, கை வேர்க்குமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரே. வாசல்ல நின்னு எனக்குக் காலு கடுத்துப்போச்சு."

"பிடியவே மூணு தடவ செதுக்குனாருல்ல."

"நீங்க மொதத் தடவயே நல்லாருக்குன்னு சொன்னீக."

"அவரு நம்பல. வாழத்தண்டக் குடுத்து வெட்டச் சொன்னாரு. கத்தி நழுவிருச்சு."

"அப்ப நான் வைக்கிற கொழம்பையும் இப்பிடித்தான் நல்லாருக்குன்னு சொல்றீகளா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"கரும்பாலையில ரெண்டு வெரலு போனதுலருந்து நான் யாருக்கும் கையக் காட்டல. அவருதான் நீட்டுப்பான்னாரு. மிச்ச மூணு வெரலையும் நூல் வச்சு அளந்தாரு. இனி நழுவாது. நாளைக்குத் தோட்டத்துக்கு நானே போறேன்."

"கொல்லருக்குக் காட்டுனீக. எனக்குக் காட்டல."

அவர் துண்டை விலக்கினார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.