நின்றபடி கொடுத்த அளவு

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். "கம்பெனி துப்பாக்கி எனக்கு வேணாம்ணே" என்று அந்தப் பெண் சொன்னதும் சுற்றிலும் நான்கு இருக்கைகளில் பேச்சு நின்றுவிட்டது.

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். போட்டியில சுடத்தானே போறேன், கொள்ளையடிக்கவா போறேன்?"

"கம்பெனி துப்பாக்கின்னா ரெடிமேடா இருக்கும், நாளைக்கே எடுத்துப் பழகலாம்."

"அது வலது கைக்காரங்களுக்கு. நான் இடது கை. முந்நூறு மீட்டர் தூரத்துக்கு எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சாத்தான் சரி வரும்."

"அப்ப துப்பாக்கி செய்யறவர்கிட்ட, தோள்ல வைக்கிற கட்டையை உன் அளவுக்கு வெட்டச் சொல்லிரவா? வெட்டிட்டா மாத்த முடியாதாம்."

"சொல்லுங்க."

அவர் போனைக் காதில் வைத்தார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அளவெடுத்தப்ப நான் எப்படி இருந்தேன்?"

"டெய்லர்கிட்ட நிக்கிற மாதிரி நேரா நின்னே."

"நான் படுத்துக்கிட்டுல்ல சுடணும்!"

"ஹலோ, வெட்டிராதீங்க!" என்று அண்ணன் கத்தினார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். போனை மெல்ல இறக்கினார்.

"நாம வேணாம்னு சொல்லலையேன்னு காலையிலயே வெட்டிட்டாராம்."

அவள் அவர் கையிலிருந்த போனைத் தொட்டுக் காட்டினாள்.

"அந்தக் கம்பெனி துப்பாக்கி இன்னும் இருக்கான்னு கேளுங்க."