செல்லம்மா வீட்டு உறைமோர்

— கொல்லப்பக்கமே நிக்கிறீங்களே, உள்ள வாங்கக்கா.

— வர்றேன். விளக்கு வச்சிட்டியா அஞ்சுகம்?

— இன்னும் வைக்கல. ஏன்க்கா?

— வச்சப்புறம் கேட்டா குடுக்கமாட்டியே. கொஞ்சம் உறைமோர் வேணும்.

— செல்லம்மாக்கா வீட்டுல உறைமோர் இல்லியா? சுரக்குடி ஊரு முச்சூடும் உங்ககிட்டதானே வாங்கும்.

— சொல்லிக்காட்டாத. கெட்டுப்போச்சு. நுரைச்சு நுரைச்சு வருது, கள்ளு வாடை அடிக்குது.

— பெரியவங்க ஒண்ணும் சொல்லலியா?

— அவுங்களுக்கு என்ன, வயல்லேருந்து நேரா தம்பி வீட்டுக்குத்தானே வர்றாங்க. இங்க மோரக் குடிச்சிட்டு, அங்க வந்து என் சோத்து முன்னால ஒக்காந்துக்கிட்டு, அஞ்சுகத்துக்கு என்னா கைமணம்ங்கிறாங்க.

— வெயில்ல வர்றாங்க, ஒரு சொம்பு குடுக்குறேன். அதுக்குப்போயி இப்படியா?

— அந்த ஒரு சொம்புதான்டி எனக்கு வயித்தெரிச்சல். மறைப்பானேன்? எம் புருஷன் எங்கையால மோர் குடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

— கைமணமெல்லாம் இல்லக்கா. கல்யாணசுந்தரி காலேஜ் விட்டு வந்து சொல்லிச்சு.

— எம் பொண்ணா? அவ என்ன சொன்னா?

— மோருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு இருக்காம். அதான் பாலத் தயிராக்குதாம். கள்ளப் பொங்க வைக்கிறது வேற உசுராம். அது பூந்துட்டா நுரைக்குமாம்.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டா. இங்க வந்துதான் வாய் தொறப்பா. அவளுக்கும் ஒரு சொம்பு குடுத்தியா?

— கேட்டுச்சு, குடுத்தேன்.

— நல்லா இருக்கு. அப்பனும் மகளும் இங்கயே பாய் போட்டுக்கட்டும். சரி, ஊத்து.

— இந்தாங்க. ஏன்க்கா, டம்ளரத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?

— இல்லியே. சும்மா புடிச்சுப் பாத்தேன்.

— சுடாதுக்கா.

— சுடுதுன்னு இப்ப யாரு சொன்னா?

— நான் கல்யாணமாகி வந்த புதுசுல நீங்க குடுத்த உறைமோர் டம்ளர் சுட்டுச்சு. வெயில்ல இருந்துருக்கும்னு நெனச்சேன். விடிஞ்சு பாத்தா பால் பாலாவே கெடந்துச்சு. அஞ்சுகத்துக்குக் கை ராசியில்லன்னு தெருவெல்லாம் சொன்னீங்க. நானும் அப்படித்தான்னு நம்பி அழுதேன்.

— அது எப்பவோ நடந்தது.

— இத்தன நாளும் எனக்கு வெளங்கலக்கா. கொதிக்க வச்சா அந்த உசுரெல்லாம் செத்துப்போயிடும்னு உங்க பொண்ணு சொன்னப்பதான் வெளங்குச்சு.

— அவகிட்ட இத சொல்லிட்டியா?

— சொல்லல. யார்கிட்டயும் சொல்லல.

— அப்ப இதுல நீ என்னத்தக் கலந்துருக்க? நெசத்தச் சொல்லு.

— ஒண்ணும் கலக்கல. அதே சட்டியிலேருந்துதான் இன்னிக்கு நாங்களும் சாப்பிட்டோம்.

— பின்ன, நான் குடுத்தது தோயலன்னா உனக்கு எங்கேருந்து வந்துச்சு? பட்டினத்துலேருந்து உங்கம்மா குடுத்துவிட்டாங்களா?

— இல்லக்கா. மறுநா கொல்லையில நீங்க கழுவப் போட்டிருந்த தயிர்ச்சட்டிய வழிச்சு எடுத்தேன். இன்னி வரைக்கும் அதுதான் ஓடுது. பெரியவங்க இங்க வந்து குடிக்கிறது உங்க மோரத்தான்.