ஏழு மணி ஜெபம்

திருடன் எந்த வழியா வந்தான்னு அப்புறம் எழுதிக்கலாம் சார். மொதல்ல நான் சொல்றத கேளுங்க. உங்க ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டது ஆஸ்பத்திரிக்காரங்க, நானில்ல. இப்பத்தான் அப்பாவோட ஸ்கேனக் காட்டினாரு டாக்டர். கன்னத்து எலும்பு உடைஞ்சது நேத்து. ஆனா மூளை சுருங்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சாம். ரெண்டு வருஷம் சார்! கூடவே இருந்துகிட்டு நான் என்னத்த கிழிச்சேன்?

ஆமா, பி.டி. மாஸ்டர் ஜெபராஜ்தான். நீங்களும் அவர்கிட்ட படிச்சீங்களா? அப்ப அடி வாங்கியிருப்பீங்க. அதான் சார் வெனையே. கை நீட்டறது அவருக்குப் புதுசில்ல. போன வருஷம் என் பொண்டாட்டி ஜெனி மேல கொதிக்கற ரசத்த வீசினாரு, விஷம் கலந்துட்டாளாம். தோள்ல தழும்பு இருக்கு. கேம்ப் ரோட்லேந்து அவர ஏத்திட்டு வந்த ஆட்டோக்காரர, எங்க வாசல்லயே மூக்குல குத்தி ரத்தம் வரவச்சாரு. இது என் வீடில்ல, எங்கடா கடத்திட்டு வந்தேன்னாராம். வயசாக ஆகத் திமிரு ஏறுதுன்னு, நான் கழுத்தப் புடிச்சு ரூம்ல தள்ளிப் பூட்டினேன். வியாதின்னு ஒரு நாளும் தோணல சார்.

அட, திருடன் விஷயத்துக்குத்தான் வரேன். எங்க வீட்ல தெனம் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா முழங்கால் போட்டு, ஒவ்வொருத்தர் பேரா சொல்லி வேண்டுவாரு. எட்டு மாசம் முன்னாடி சர்ச் கமிட்டி எலெக்‌ஷன்ல நின்னாரு. நான் எதிர்ல நின்ன சின்னப்பன் சாருக்கு ஓட்டு கேட்டேன். இவரு தோத்தாரு. அந்த வாரத்துலேந்து ஜெபத்துல என் பேரு இல்ல. பழி வாங்கறாருன்னு எனக்கு வயிறு எரிஞ்சது. பெங்களூர்ல இருக்கற தங்கச்சி ஜோவிதா பேரு வரும். ஜெனி பேரு வரும். செத்து ஆறு வருஷமான எங்கம்மா அமலராணிக்கு முட்டி வலி தீரணும் ஆண்டவரேன்னு கேப்பாரு. அது என் மண்டையில ஒறைக்கவே இல்ல. என் பேரு வருதான்னுதான் காத தீட்டிகிட்டு இருந்தேன்.

நேத்தும் வரல. ஜெனி வேலைலேந்து திரும்பல. சட்டையப் புடிச்சுத் தூக்கி, என் பேரச் சொல்லுய்யான்னேன். அவரு என்னை நல்லா பாத்துட்டு, நீங்க யாரு தம்பின்னாரு. நடிக்கறாருன்னு நெனச்சேன்.

காலைல உங்ககிட்ட என்ன சொன்னாரு? திருடன் பூந்து அடிச்சான், என் மகன் மெர்வின் ஓடி வந்து காப்பாத்தினான்னு. கதவுகிட்ட நின்னு நானும் கேட்டேன். எட்டு மாசத்துல அப்பத்தான் சார் அவர் வாயில என் பேரு வந்தது.

யாரும் வரல சார். மூணு குத்து. மூணாவதுல எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. கூப்பின கைய அவரு பிரிக்கவே இல்ல.

திருடன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த எடத்துல என் பேரப் போடுங்க.