அஸீஸாவின் யூக்கலிப்டஸ் மரங்கள்

மரம் செடி என்று வந்தால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிடுவேன், சேர். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் மாம்புரியில் யாரும் கேட்காமலே போதித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வளவு அஸீஸா மிளகாய் போடுகிறவள். கடற்காற்றுக்கு மறைப்பாக ஆறு யூக்கலிப்டஸ் மரங்கள் வைத்திருந்தாள். போன பெப்ரவரியில் அவற்றின் இலைகளில் சீனி சிந்தினாற்போல் வெள்ளைப் பொட்டுகள். மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்த்து, "பங்கசு, பூஞ்சண நோய்" என்று நாலு பேர் முன்னால் தீர்ப்புச் சொன்னேன்.

அவளுடைய மகள் நிஸ்மியா தில்லையடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். நகத்தால் ஒரு பொட்டைப் பெயர்த்தாள்.

"மாமா, இது மூடி. உள்ளுக்குப் பூச்சி இரிக்கி, பாருங்க. இலைச் சாற உறிஞ்சிக் குடிக்கிற பூச்சி. மோசமான கொப்ப வெட்டிட்டு அடிக்குத் தண்ணி ஊத்தினா மரம் தாங்கும். மருந்து வேணா. பொறிவண்டு திண்டுரும்."

எல்லாம் சரி. அந்தப் பாடத்தை நானே எத்தனையோ கூட்டத்தில் நடத்தியிருக்கிறேன். நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெருந்தன்மையான ஆள்.

என் வீட்டில், எப்போதோ தடைசெய்த குருணை மருந்து ஒரு டின் கிடந்தது. மரம் தேறினால் அது என் மருந்தால்தான் தேற வேண்டும் என்று, அஸீஸா சந்தைக்குப் போன பகலில் ஆறு மரத்தடியிலும் புதைத்துத் தண்ணீர் விட்டேன். கடைசி மரத்திலிருந்து கிணறு பத்தடி. எங்கள் மணலில் மேலே ஊற்றியது கீழே இறங்க நேரம் எடுக்காது. இதையும் ஊருக்குப் போதித்தவன் நான்தான்.

பூச்சிகள் செத்தன. "பொறிவண்டுட வேல" என்றாள் நிஸ்மியா. அது என்னைக் கொஞ்சம் வருத்தியது.

அடுத்த வாரம் கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடித்த இரண்டு ஆடுகள் செத்து விழுந்தன. காரணம் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். "வெயில்" என்றேன். அஸீஸா தனக்கும் நாலு நாளாகத் தலை சுற்றுகிறது என்றாள். அதுவும் வெயில்தான் என்றேன். பிறகு அவள் தேத்தண்ணி ஊற்றி வந்தாள்.

"குடிங்க நானா, களைச்சிப் போனீங்க."

குடிக்காதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். நிஸ்மியா வேறு பக்கத்தில் நின்றாள்.

"நோன்பு" என்றேன்.

வீணாக்கக் கூடாதென்று அஸீஸாவே அதைக் குடித்தாள். அஸர் தொழுகைக்கு முன் மயங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மௌத்தானாள். அவளுடைய உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தெரியாமல் நடந்த தவறு என்று என் வாக்குமூலத்தில் எழுதப் பார்க்கிறீர்கள், சேர். உங்கள் இரக்கத்துக்கு நன்றி. ஆனால் அன்று காலை நான் பாணும் சம்பலும் சாப்பிட்டிருந்தேன்.