டாக்டர் ராஜபாய் நடத்திய வகுப்பு

இந்த இரங்கல் கூட்டத்தின் மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, டாக்டர் ராஜபாய் அம்மையாரின் கைபட்டு வேதனை தணிந்தவர்களின் வீட்டாரே, வணக்கம்.

எனக்கு எல்லாமே உறக்கத்தில் நடப்பதுபோல் இருக்கிறது. குடையை உதறிக்கொண்டு, "தாணு, தொடங்கியாச்சா?" என்று ராஜபாய் அம்மா இப்போது உள்ளே வந்துவிடுவார் போலிருக்கிறது. வரமாட்டாரா? மனசு கேட்கமாட்டேன் என்கிறதே!

தீராத நோய்க்காரரின் வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் மருத்துவத்தில் இளம் டாக்டர்களை வல்லுநர்களாக்கியது அவருடைய வகுப்பு. குணமாக்க முடியாத இடத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "அங்கதானே வேல கெடக்கு" என்றார் எங்கள் ராஜபாய். அந்த வகுப்பு இனி நடக்குமா? சொல்லிக்கொடுக்க இருந்தது அம்மாவும் நானும்தான். நானோ மகளோடு இருக்க மஸ்கட் போவதாக இருந்தேன்.

குளச்சலில் பக்கீர் முகம்மது என்றொரு மீனவர். எலும்பெல்லாம் புற்று. படுக்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. அம்மா வலி தணிக்கும் மார்ஃபின் மருந்தை மெல்ல மெல்லக் கூட்டிச் சரிசெய்தார். மறுநாள் மாணவி டாக்டர் ஷைஜாவோடு அம்மாவும் நானும் போனோம். ஜன்னல் வழியே உப்புக்காற்று. மனிதர் வாய் லேசாகத் திறந்து அப்படி உறங்குகிறார்! மனைவி சைனப் பீவி சத்தமில்லாமல் அழுகிறார். ஷைஜா என்ன செய்தார் தெரியுமா? தோளைத் தட்டி எழுப்பப் போனார். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டுமாம்!

"ஏட்டி, விடுட்டி! மூச்சு சீரா இருக்கான்னு பாரு, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம். மனுசன் ஒறங்கட்டும்" என்று தடுத்தார் அம்மா.

மூச்சு சீராக இருந்தது. வெயில் சுவரில் மெதுவாக இறங்கியது. அவர் உறங்குவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம், எழுந்துபோக யாருக்கும் மனசில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அம்மா என்னை இங்கேயே இருக்கச் சொல்லவில்லை. "போய் மகளோட சந்தோசமா இரு தாணு" என்றார். சண்டை போட்டிருந்தால் போயிருப்பேன்! இப்படிச் சொன்னால் எப்படிப் போவது?

மாணவர்கள் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அம்மாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை அது அடித்தது. களியக்காவிளையில் ஒருவர், தாயார் வலியில் துடிப்பதாகச் சொன்னார். அம்மா இறந்த செய்தி அவருக்குத் தெரியாது.

"டாக்டரம்மா இல்லியா?"

"இல்ல மக்கா. நாங்க இருக்கோம்" என்றேன்.

ஷைஜாவும் மற்றவர்களும் இப்போது அந்த வீட்டில் இருக்கிறார்கள். நான் மஸ்கட் போகவில்லை. நாளை வகுப்பு உண்டு.