காயாத ஜாக்கெட்

சரளைப் பாதையில் சைக்கிள் மிதித்து வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவது சுலபம். என்ன வைத்தாலும் தட்டைத் துடைத்துவிடுவார்கள். ஆட்டுப்பால் சீஸ், உருளைக்கிழங்கு, முந்தின நாள் ரொட்டி, எதற்கும் முகம் சுளிக்க மாட்டார்கள். சேற்றுக் காலோடு உள்ளே வருவார்கள் என்பது ஒன்றுதான் குறை. அதற்கும் வாசலில் ஒரு பழைய சாக்கு போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் சற்று முன் அதில்தான் பூட்ஸைத் துடைத்தீர்கள், ஐயா.

கூப்பிட்டதும் வந்ததற்கு நன்றி. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதை என் மகள் மயேல் உண்டாக்கியது. லியோனில் ஏதோ அலுவலகத்தில் இருந்தாள். என் கணவர் ரெஜிஸுக்கு முழங்கால் போனதும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மோர்வான் காட்டில் ஏரிக்கு மேலே இப்படி ஒரு விருந்தினர் விடுதி இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு கோடை முழுக்க சைக்கிளில் சுற்றி, கீழே திராட்சைத் தோட்டங்களில் ஏறி, காட்டுக்குள் நுழைந்து, ஏரியைச் சுற்றி, எங்கள் வாசலில் வந்து முடிகிற மாதிரி ஒரு வழியைச் சேர்த்தாள். இன்டர்நெட்டில் போட்டாள். அதற்குப் பிறகு எங்கள் அறைகள் காலியாக இருந்ததில்லை. மாடியில் அவள் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே பாடுவாள், கீழே நான் சமைப்பேன். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

யோரிஸ் அந்த வழியாகத்தான் வந்தான். பெல்ஜியத்துக்காரன், கென்ட் நகரம். ஒரு ராத்திரி தங்க வந்தவன் ஒரு வாரம் தங்கினான். பிறகு மாதம் தவறாமல் வந்தான். நல்ல பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். ரெஜிஸுக்கும் அவருடைய வேட்டைக் கூட்டாளிகளுக்கும் அவனைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு.

"ஏம்ப்பா, நல்ல தார் ரோடு இருக்கும்போது கல்லுலயும் சேத்துலயும் உருள்றியே. யாராச்சும் உனக்குச் சூனியம் வெச்சுட்டாங்களா?"

"கடையில கறி கிடைக்குது. நீங்க எதுக்குக் காலங்காத்தால எந்திரிச்சுப் பன்னி பின்னாடி ஓடுறீங்க?"

ரெஜிஸ் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்.

அக்டோபரில் ஒரு நாள், நான் கேரட் சீவிக்கொண்டிருந்தபோது மயேல் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, திங்கக்கிழமை நான் யோரிஸ்கூட கென்ட்டுக்குப் போறேன். அங்கேயே வேலை தேடிக்கப் போறேன்."

"எப்ப வருவ?"

"லீவு விட்டா வருவேன். ஏன் மூஞ்சிய அப்படி வெச்சுக்கிற? நிலாவுக்கா போறேன்?"

நான் கேரட்டைச் சீவி முடித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கால் தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது உள்ளே.

வேட்டைப் பருவத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'வேட்டை நடக்கிறது' என்ற பலகையைக் காட்டுப் பாதைகளின் முகப்பில் எல்லாம் நட்டு வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வேட்டைக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை. காபி உள்ளே போகாமல் அவர்களுக்குக் கை கால் அசையாது. அதனால் பல வருஷமாக நான்தான் வேனை எடுத்துக்கொண்டு போய் நட்டுவிட்டு வருவேன். எந்தப் பக்கம் போகக்கூடாது என்று தங்கியிருப்பவர்களுக்குச் சொல்வதும் நான்தான். என் பேச்சை யாரும் இரண்டாம் தடவை விசாரித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லாப் பலகையையும் நட்டேன். கடைசியாக ஏரிப் பாதை. அங்கேயும் நட்டுவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன். பிறகு இறங்கிப் போய் அதைப் பிடுங்கிப் புதரில் குப்புறப் போட்டேன். காற்றில் சாய்ந்தது என்று நீங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதினீர்கள். அன்று காற்றும் அடித்தது. உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது யோரிஸ் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"மதாம், இன்னிக்கு வேட்டை எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம். நீ ஏரிப் பாதையில போ, தொந்தரவு இருக்காது."

"கடைசியா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன். மயேல் பெட்டி கட்டறா, பக்கத்துல போனா கடிக்க வர்றா."

மழைக்குப் போடும் தன் ஜாக்கெட்டைத் தேடினான். ஆரஞ்சு நிறம், ஒரு மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் குத்தும். முந்தின நாள் நனைந்ததை வாங்கி அடுப்புக்கு மேலே நான்தான் காயப் போட்டிருந்தேன்.

"அது இன்னும் காயலப்பா. ஈரத்தோட போனா நெஞ்சுல சளி கட்டிக்கும். இந்தா, ரெஜிஸோடத மாட்டிக்கோ."

பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. போட்டுக்கொண்டு கையை விரித்துக் காட்டினான், மணிக்கட்டு வரைக்கும் வரவில்லை. மாடிப்படியிலிருந்து மயேல் எட்டிப் பார்த்தாள்.

"அய்யே, கிழட்டுக் காட்டுப்பன்னி மாதிரியே இருக்க!"

மூன்று பேருமே சிரித்தோம்.

ஜாக்கெட் காய்ந்திருந்தது, ஐயா. விடிவதற்கு முன்பே காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலகை நடப் போனேன்.

வேட்டைக்காரர்களின் மதியச் சாப்பாட்டுக்கு ஒயின் ஊற்றிக் கறி வேகவைத்துக்கொண்டிருந்தேன். நாய்கள் குரைத்தன. பிறகு ஒரே ஒரு வெடி. பன்றி விழுந்தால் கொம்பு ஊதுவார்கள். ஊதவில்லை. நான் அடுப்பைக் குறைத்து வைத்தேன்.

ரெஜிஸ் அன்று எந்த இடத்தில் நின்றார் என்று தெரியாது என்று முன்பு உங்களிடம் சொன்னேன். தெரியும். முழங்காலுக்கு நடை ஆகாது என்று ஏரிப் பாதை வளைவில்தான் அவரை எப்போதும் நிறுத்துவார்கள். பாதை அடைத்திருக்கிறது என்று நம்பி நின்றார். பலகை நட்டது பெண்டாட்டி ஆயிற்றே. புதருக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று வேகமாக வந்தது, சுட்டார். அவர் குறி தவறாதவர். வேறு யாராவது என்றால் பையன் காயத்தோடு கிடந்து துடித்திருப்பான். அதையும் நான் யோசிக்காமல் இல்லை.

கோர்ட்டில் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டார்கள். வயசைப் பார்த்து உள்ளே போடாமல் விட்டார்கள். அன்றிலிருந்து அவர் சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறார், ரேடியோகூடப் போடுவதில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்துதான் சாய்ச்சிருக்கும், ஜோசியான். நீ மனச விட்டுடாத" என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன்.

மயேல் கென்ட்டுக்குப் போகவில்லை. குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தாள். அப்பாவோடு பேசவில்லை, பாடவில்லை, படுக்கையை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். ஆனால் நான் கொண்டுபோய்க் கொடுத்தால் சாப்பிட்டாள். தலை சீவிவிட்டால் பேசாமல் காட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பனி, உள்ளே நாங்கள் மூன்று பேர். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பனி உருகியதும் ஒரு நாள் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, யோரிஸின் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று கிளம்பினாள். கென்ட்டிலேயே தங்கிவிட்டாள். போன வாரம் போனில் பிடித்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அன்னிக்குக் காலையில ஜாக்கெட் காஞ்சிருந்துச்சா இல்லையாம்மா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குடி? சாப்பிட்டியா?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. அப்பா செய்த காரியத்தை அவளால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை, பாவம்.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். அப்பா மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு இந்த வீட்டுக்கு வருவதில் என்ன தடை இருக்கப்போகிறது? வழக்கு என்று வந்தால் சாட்சி சொல்லவும் அவளைக் கூப்பிட்டாக வேண்டும். அவள் அறையில் விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன். பலகையைப் பிடுங்கியது நான். கோட்டை மாட்டிவிட்டு அவனை அந்த வழியில் அனுப்பியது நான். சாகட்டும் என்றுதான் அனுப்பினேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும், ஐயா. ஜெயிலில் இருப்பவர்களைப் பார்க்க எந்தக் கிழமை விடுவார்கள்? கென்ட்டிலிருந்து ரயில் ஏறி வருகிறவளுக்குச் சனிக்கிழமை என்றால் சௌகரியமாக இருக்கும்.