ஒரே எண்ணில் இரண்டு

— ஜன்னலைச் சாத்து, ராமிரோ. இந்தப் புகையில எனக்குத் திரையே தெரிய மாட்டேங்குது.

— எல்லாம் பக்கத்து வீட்டு அபெலார்தோ பண்ற வேலை, செலி. ஞாயித்துக்கிழமை ஆனா அவருக்குக் கறி சுட்டாகணும். மலை எரியுது, ஒருத்தரும் அடுப்பு மூட்டாதீங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. காதுல போட்டுக்கிட்டாத்தானே. இந்தா, மாத்தே. சூடா இருக்கறப்பவே உறிஞ்சு.

— வேணாம். யானினாகிட்டருந்து கடைசியா என்ன வந்துது?

— காலையில மலைக்குக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு, "எம்பனாதாவைப் பூரா நீயே தின்னுடாதே"ன்னா. அதான் கடைசி.

— வாசல்ல சொன்னதைக் கேக்கலை. நம்ம வலையில ஏதாவது சேதி போட்டாளா?

— இன்னிக்கு ஒண்ணும் போடலை. என் பொண்டாட்டி என்ன, உக்காந்து தட்டிக்கிட்டா இருப்பா? ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு நெருப்பணைக்கப் போயிருக்கா. மம்பட்டியைப் பிடிப்பாளா, போனைப் பிடிப்பாளா? திரையைப் பாரு, ஊர்ல வீட்டுக்கு வீடு நாம வெச்ச எல்லாப் பெட்டிக்கும் பச்சை விளக்கு எரியுது. ஒரு குறையும் இல்லை, தாயே.

— உன் பொண்டாட்டி தும்மினாக்கூட ஊருக்கே போடறவ. அந்தக் கூட்டத்துல போன் அவகிட்ட மட்டும்தான். வாக்கி டாக்கி முகட்டைத் தாண்டி எடுக்காது. செல்போன் கோபுரம் கரண்ட் இல்லாம நேத்தே படுத்துருச்சு. மிச்சம் நம்ம இல்வான் ஒண்ணுதான். நீயும் நானும் ராப்பகலா உக்காந்து எழுதின புரோகிராம். கோபுரம் வேணாம், கம்பெனி வேணாம், வீட்டுப் பெட்டியும் வீட்டுப் பெட்டியும் தானே பேசிக்கும்னு ஊரெல்லாம் சொல்லி நம்ப வெச்சோம். அதுலயும் பேச்சு மூச்சில்லைன்னா எனக்குப் பயமா இருக்கு.

— பயத்தைக் கிளப்பாதே. சேதி இல்லைன்னா பிரச்சினை இல்லைன்னு அர்த்தம். அப்படிச் சொல்லித்தான் நானும் என்னைத் தேத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— உக்காந்திருக்கியா? வந்ததுலேருந்து கூண்டுக்குள்ள நடக்கற மாதிரி நடந்துக்கிட்டிருக்கே. ஒரு நிமிஷம் நில்லு. தண்ணித்தொட்டி மேல வெச்ச பெட்டியைப் பாரு. மலையைப் பாத்து இருக்கறது அது ஒண்ணுதான். அது சும்மா இல்லை. காலையிலேருந்து ஏதோ வாங்கிக்கிட்டே இருக்கு, வாங்கினதை ஒரு மூலையில ஒதுக்கிக்கிட்டே இருக்கு. நம்ம பக்கம் ஒண்ணையும் அனுப்பலை.

— யாரோடது?

— அவளோடது.

— எதுக்கு ஒதுக்குது? பழுதா?

— பழுது இல்லை. போலின்னு நினைக்குது. யானினா பேர்ல ஒரே எண்ணுல ரெண்டு சேதி இருக்காம். அது எப்படி இருக்கும்? ஒவ்வொரு ஆளோட சேதிக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு ஏறிக்கிட்டேதானே போகணும். ஒரே எண்ணு ரெண்டு தடவை வரணும்னா... டேய், அவ போனை என்ன பண்ணினே?

— அது நேத்து சாயங்காலம் ஓடையில விழுந்துருச்சு. தேடிப் பாத்தோம், கிடைக்கலை. போன் இல்லாம மலைக்கு அனுப்ப எனக்கு மனசு வரலை. அதான் என் பழைய போன்ல அவ பேக்கப்பை ஏத்தி, அவ பேர்ல கையெழுத்துப் போடற ரகசியச் சாவியையும் போட்டுக் குடுத்தேன்.

— எப்ப எடுத்த பேக்கப்?

— போன வாரம்.

— அதுக்கப்புறம் அவ எழுதினது எதுவும் அந்தப் போனுக்குத் தெரியாது. போன வாரத்து எண்ணுலேருந்து திரும்ப எண்ண ஆரம்பிச்சிருக்கும். ராமிரோ, சாவியோட பேக்கப்பை ஏத்தாதீங்க, ஏத்தாதீங்கன்னு ஊர்க் கூட்டத்துல படம் வரைஞ்சு காட்டினவன் நீ.

— தெரியும். பொண்டாட்டி வாசல்ல நிக்கறா, வண்டிக்காரன் ஹாரனை அமுக்கிக்கிட்டே இருக்கான். அந்த நேரத்துல எண்ணா ஞாபகம் வரும்? அது சரி, ஒரே எண்ணு ரெண்டு தடவை வந்தா அந்தப் பேருக்கே கதவைச் சாத்துன்னு எழுதினது யாரு? ஒரு எச்சரிக்கை காட்டிட்டு விட்டுடுவோம்னு நான் சொன்னேன். "பொய்க்காரனுக்கு எச்சரிக்கை எதுக்கு"ன்னு கேட்டவ நீ.

— போன வருஷம் நடந்ததை மறந்துட்டியா? ஹெட்மிஸ்ட்ரஸ் ஓர்த்தென்சியா போனை எவனோ திருடி, அவங்க பேர்லயே "நெருப்பு ஊர்ப்பக்கம் இறங்குது, எல்லாரும் ஆத்துக்கு அந்தப்பக்கம் போங்க"ன்னு போட்டான். டீச்சர் சொல்லிட்டாங்கன்னு ஊரே எழுந்து போச்சு. திரும்பி வந்து பாத்தா மேட்டுப் பொது நிலத்தை வளைச்சு எவனோ வேலி போட்டிருக்கான். அந்த வேலி இன்னிக்கும் நிக்குது. ஆடு மேய்க்க இடம் இல்லாம எத்தனை பேரு இந்த வீட்டு வாசல்ல வந்து என்னைத் திட்டினாங்கன்னு உனக்குத் தெரியும்.

— சரி, தெரியும். நான் வண்டியை எடுத்துக்கிட்டு மேல போறேன்.

— எந்தப் பக்கம் போவே? அவ எங்க இருக்கான்னு தெரியுமா, நெருப்பு எங்க இருக்குன்னு தெரியுமா? குருட்டாம்போக்குல போய் நீயும் மாட்டிக்கிட்டா யாரை அனுப்பறது? உக்காரு.

— அப்ப அந்த மூலையைத் திற.

— அஞ்சு பேர் சாவி சேர்ந்தாத்தான் திறக்கும். கூட்டத்துல எல்லாரும் கை தூக்கிப் போட்ட விதி. உன்னையும் என்னையும் விட்டா மீதி மூணு பேர்ல ரெண்டு பேரு இப்ப அவளோட மலையில இருக்காங்க.

— செலி, அவ அங்க கத்திக்கிட்டிருக்கா. நாம எழுதினதே அவ வாயைப் பொத்திக்கிட்டிருக்கு.

— ஒரு வழி இருக்கு. சொல்லவே பிடிக்கலை. போன வருஷத்து இல்வானைத் தூக்கித் தொட்டிப் பெட்டியில ஏத்தலாம். பழசுக்கு இந்த விதியே தெரியாது. அந்தப் பெட்டி இன்னும் என் கையெழுத்தை நம்புது.

— அதாவது, காலையில நான் செஞ்ச தப்பையே இப்ப நீ செய்யப் போறே.

— ஆமா, தெரிஞ்சே செய்யறேன். இதுல யாரும் தனியாக் கை வைக்க முடியாது, என்னாலயும் முடியாதுன்னு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னவ நான். நாளைக்கு எந்த மூஞ்சியோட வெளிய போவேன்னு தெரியலை. ஏறுது. பேசாம இரு.

— இல்வான்னா ஓட்டுத்தையல். அந்தப் பேரை வெச்சப்பவே நினைச்சேன், ஒரு நாள் பிரியும்னு.

— இப்பவும் உனக்குக் கிண்டல்.

— கிண்டல் இல்லைன்னா அழுதுருவேன். அதைவிட இது தேவலை. நல்லவேளை, வர்றதைக் குப்பையில போடாம மூலையில அடுக்கி வைன்னு நீ அடம் பிடிச்சே. என் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் அதுவும் இல்லை.

— வந்துருச்சு.

— படி. சத்தமாப் படி.

— "முகட்டுக்கு ஏறிட்டோம். எல்லாரும் நல்லாருக்கோம்." அடுத்தது, "பாறைப் பக்கம் அணைஞ்சிருச்சு. தண்ணி தீந்துருச்சு, உக்காந்திருக்கோம்."

— அப்பாடா. உயிரோட இருக்கா. அந்த மாத்தேவை இப்படிக் குடு, ஆறிப்போனாலும் பரவாயில்லை. வரட்டும் அவ, காலையில நான் பண்ணினதை நானே சொல்லித் திட்டு வாங்கிக்கறேன். நீ எதுக்கு முழிக்கறே? இன்னும் இருக்கா?

— "காத்து திரும்பிருச்சு. நாங்க எரிஞ்சு முடிஞ்ச இடத்துல நிக்கறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நெருப்பு ஊர்ப்பக்கம் இறங்குது. எல்லாரும் ஆத்துக்கு அந்தப்பக்கம் போங்க." இதையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கு. கடைசியா, "யாராவது படிக்கறீங்களா?"

— ஆத்துக்கு அந்தப்பக்கமா? போன வருஷத்துப் பொய்யும் அட்சரம் பிசகாம இதேதானே.

— அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன். ஓடையில விழுந்த போன் கிடைக்கலைன்னே. அது எவன் கையிலயாவது கிடைச்சிருந்தா?

— முதல் ரெண்டும் அவ எழுதினதுதான்.

— அதை எவன் வேணாலும் எழுதலாம். நல்லாருக்கோம், உக்காந்திருக்கோம். அதுல அவ பேசற மாதிரி ஒரு வார்த்தை இருக்கா?

— அவளாவே இருந்தா?

— அவளா இருந்தாலும் ஊர்ல ஒரு வீட்டுத் திரையிலயும் இது வராது. மத்த பெட்டியெல்லாம் இன்னும் அவளுக்குக் கதவைச் சாத்தித்தான் வெச்சிருக்கு. நாம ரெண்டு பேரும் ஓடிப் போய்க் கதவு கதவாத் தட்டினாத்தான் உண்டு. பொய்யாப் போச்சுன்னா, அப்புறம் இந்த ஊரு இல்வானையும் நம்பாது, நம்மளையும் நம்பாது. இன்னொரு நிலத்துக்கு வேலி விழும். நிஜமா இருந்து நாம தட்டலைன்னா...

— சேதி எப்ப வந்தது?

— மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி. மணிக்கணக்கா ஆச்சு.

— அட கடவுளே. செலி, ஏதாவது சொல்லு. நம்பறதா, வேணாமா?

— ஜன்னலைத் திற. இவ்வளவு புகை வர்ற அளவுக்கு அபெலார்தோ எவ்வளவு கறி சுடறாருன்னு எட்டிப் பாத்துச் சொல்லு.

— அடுப்புல நெருப்பே இல்லை, செலி. கறி சுடற கம்பி மேல அவரு பூனை உக்காந்துக்கிட்டு மலையையே பாத்துக்கிட்டிருக்கு.